துண்டுக்கு அடியில் பிடித்த கை

"அவளை அப்படி நிற்கவைத்துவிட்டுப் போனவன் மனுசனே இல்லை, சாமி," என்று குருவிடம் சொன்னார் செவனாண்டி, பாட்டைக் கேட்டதும்.

மடத்தில் அன்று படித்தது மூன்றே வரிக் காதல் பாட்டு.

மழை நின்றுவிட்டது.
குடையை இன்னும் மடக்கவில்லை நான்.
நீ வந்து மடக்கு.

படித்த சீடர்கள் சிரித்தார்கள். மழை என்பது ஆசை, குடை என்பது அகந்தை, 'நீ' என்பது கடவுள் என்று அவருக்குப் பிரித்துப் பிரித்துச் சொன்னார்கள்.

செவனாண்டிக்கு அது சட்டென்று பிடித்துப்போயிற்று. ஆயுசெல்லாம் மாட்டுத் தரகு பார்த்த ஆள். சந்தையில் வாய் ஒரு விலை சொல்லும். நிஜ விலையைத் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துத்தான் சொல்வார்கள். பாட்டும் அந்த வகைதானா? அப்படியென்றால் நிஜத்தில் எவளும் நிற்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

காரணம் இருந்தது. பொண்டாட்டியோடு சண்டை போட்டு, விறைத்துக்கொண்டு மடத்துக்கு வந்தவர் அவர். ஒச்சம்மாளோ, "வந்துருங்க" என்று ஆள்மேல் ஆளாய்ச் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்குள் என்ன கணக்கு வைத்திருக்கிறாளோ, அது தெரியாமல் இறங்கிப்போவதாவது என்று இவர் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த 'நீ' கடவுள்தானே, சாமி?" என்று குருவிடம் உறுதி கேட்டார்.

குரு அவரைவிட வயதில் இளையவர். "தரகரே, உங்கள் துண்டைக் கொடுங்கள்," என்றார்.

வாங்கி, இருவர் கையையும் மூடினார். உள்ளே செவனாண்டியின் கையைப் பிடித்தார்.

தரகர் காத்திருந்தார். ஒரு விரலும் அழுந்தவில்லை. பிடியும் விடவில்லை.

"விலையைச் சொல்லுங்க, சாமி. என்னதான் கேக்குறீங்க?"

"ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்திருக்கிறேன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

ஒன்றும் கேட்காமல் செவனாண்டியின் கையைப் பிடித்தவள் உலகத்தில் ஒருத்திதான்.

"அப்போ அவ நெசமாவே நிக்கிறாளா, சாமி?"

குரு துண்டை உதறி அவர் தோளில் போட்டார்.

"நிற்கவைத்தவன் போய்ப் பார்க்கட்டும். இன்றைக்காவது போகட்டும்."