நான்காம் தொட்டிலில் குடித்தனம்

மூங்கில்பள்ளம் காட்டில் ஒரு குளம் இருந்தது. கோடை வந்தால் சுற்றுவட்டாரத்துச் சுனைகளெல்லாம் வற்றிவிடும். இந்தக் குளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். அதனால் நாலு மலையின் மிருகங்களும் பிள்ளைகுட்டிகளோடு இங்கேதான் வந்து சேரும். வயிறு முட்டத் தண்ணீர் குடித்த பிறகு என்ன செய்வதென்று அவற்றுக்குத் தெரியாது. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும்.

இதைக் கவனித்த மாசிலாமணி என்ற நரி, குளக்கரையில் ஒரு பொருட்காட்சி தொடங்கியது. மூங்கிலால் கட்டிய ரங்கராட்டினம், ஈரப்பாறையில் சறுக்கல், முதலையின் முதுகில் படகுச் சவாரி. எதில் ஏறினாலும் ஆளுக்கு ஒரு பழம் கட்டணம். கோடை பிறந்ததும் திறப்பார்கள், முதல் மழை விழுந்ததும் மூடுவார்கள். அந்த நாட்களுக்கு மட்டும் வெளியூரிலிருந்து வேலைக்கு ஆள் எடுப்பது நரியின் வழக்கம்.

அப்படி மலையிலிருந்து இறங்கி வந்ததுதான் பொன்னுரங்கம் என்ற கரடி. கூடவே அதன் மனைவி கோமளம். இரண்டுக்கும் கல்யாணம் ஆன புதிது. தாலி ஈரம்கூடக் காயவில்லை என்று சொல்லலாம். கரடிகள் தாலி கட்டுவதில்லை என்பதால் சொல்லவில்லை.

வேலைக்கு எடுக்கும்போதே நரி தேனாகப் பேசியது. தங்க வீடு இலவசம் என்றது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓரடி தூரம்கூடக் கிடையாது என்றது. புதுப் பெண்டாட்டியோடு வந்த கரடிக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, வீடு எங்கே என்று கேட்டன. நரி ரங்கராட்டினத்தைக் காட்டியது.

அதில் நான்காவது தொட்டில்தான் வீடு.

பொன்னுரங்கம் தொட்டிலைப் பார்த்தது. மனைவியைப் பார்த்தது. பிறகு இரண்டும் சேர்ந்து மேலே ஏறி வைக்கோலைப் பரப்பின. ஊர்விட்டு ஊர் வந்தாயிற்று, இனி பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தன.

மற்ற வேலைக்காரர்களுக்கும் இதே கதைதான். சீட்டு கொடுக்கும் முள்ளம்பன்றி வேம்புவுக்குச் சீட்டுக் கொட்டகைக்கு அடியிலேயே ஒரு பொந்து. அசந்து தூங்கும் நேரத்தில் மேலேயிருந்து யாராவது கையை விட்டு, "ரெண்டு சீட்டு" என்பார்கள். பிறகு, "ஐயோ" என்பார்கள். முதலை மட்டும் குறை சொல்லவில்லை. குளம்தான் அதற்கு வீடு, குளம்தான் அதற்கு வேலை. "முதலையைப் பாருங்கள், என்றைக்காவது முகம் சுளிச்சிருக்கா?" என்று நரி எல்லோரிடமும் கேட்கும். முதலையின் முகம் எப்போது சுளித்திருக்கிறது, எப்போது இல்லை என்று யாருக்குத் தெரியும்?

பொன்னுரங்கத்துக்குப் பகல் வேலை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ராட்டினத்தின் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கோமளத்துக்கு ராத்திரி வேலை. ஆந்தை, வௌவால், மரநாய் போன்ற இருட்டு வாடிக்கையாளர்களைச் சறுக்கலில் ஏற்றி இறக்க வேண்டும். புருஷன் படுக்க வரும்போது மனைவி கிளம்பியிருக்கும். மனைவி திரும்பும்போது புருஷன் கைப்பிடியில் நிற்கும். ஒரு வைக்கோல் படுக்கையை இரண்டும் மாறி மாறிச் சூடாக வைத்திருந்தன. அவ்வளவுதான் அவற்றின் குடித்தனம்.

பகலில் கோமளம் அந்தத் தொட்டிலில்தான் தூங்க வேண்டும். ஆனால் பகலில் ராட்டினம் ஓடுமே! கோமளம் தூங்கியபடியே மேலே போகும், தூங்கியபடியே கீழே வரும். பக்கத்தில் முயல் குடும்பம் ஒன்று அதன் வைக்கோலில் உட்கார்ந்து "ஓ" என்று கத்தும். ஒவ்வொரு சுற்றிலும் தூங்கும் மனைவியின் முகம் ஒரு கணம் பொன்னுரங்கத்தின் எதிரே வந்து போகும். பாவம், அதைப் பார்ப்பதற்காகவே அது கைப்பிடியை வேகமாகச் சுற்றும். நரியோ, கரடிக்குத் தொழில்மேல் பக்தி என்று நினைத்துக்கொண்டது.

ஒருநாள் முகம் கீழே வந்தபோது கோமளம் விழித்திருந்தது. "என்னங்க, இந்தப் பௌர்ணமிக்குள்ள நாம ரெண்டு பேரும்…" என்றது. அதற்குள் தொட்டில் மேலே போய்விட்டது.

அடுத்த சுற்றில், "…ஒரு வேளையாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலைன்னா…" என்றது. மறுபடியும் மேலே.

அதற்கடுத்த சுற்றில், "…நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று முடித்தது.

"போயிடுவாங்களாம்!" என்று பக்கத்திலிருந்த முயல் எடுத்துக்கொடுத்தது.

பௌர்ணமி நாளைக்கே! அன்று பொழுது சாய்ந்ததும் பொன்னுரங்கம் நேராக நரியிடம் போய் நின்றது. நாளை ஒரு சாயங்காலம் மட்டும் தனக்கும் மனைவிக்கும் லீவு வேண்டும் என்று மென்று விழுங்கிக் கேட்டது.

நரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "லீவா? பகல் பூரா உன் பெண்டாட்டி வீட்டுலதான் இருக்கா. நீயும் வீட்டு வாசல்லதான் நிக்கிற. வீட்டுலயே இருக்கிறவனுக்கு எதுக்குப்பா லீவு? இது உன் வீடு, பொன்னுரங்கம். உன் வீடுன்னு நினைச்சு வேலை பாரு."

கரடிக்கு ஒரு விஷயம் மண்டையில் ஏற நேரமாகும், ஏறிவிட்டால் இறங்காது. பொன்னுரங்கம் அந்த வார்த்தையை அசைபோட்டுக்கொண்டே போய்ப் படுத்தது. "என் வீடு… இது என் வீடு…" என்று முணுமுணுத்தபடியே தூங்கிப்போனது.

மறுநாள் பௌர்ணமிக் கூட்டம் குளக்கரை கொள்ளாமல் நின்றது. காட்டு ராஜா சிங்கமே மனைவியோடும் குட்டிகளோடும் வந்துவிட்டது. நரி வாலால் தரையைப் பெருக்கியபடி ஓடிப்போய், ராஜா குடும்பத்தை வரிசையில் முன்னே கொண்டுவந்து நான்காவது தொட்டிலில் ஏற்றியது. ஓரமாகப் போர்த்திக்கொண்டு தூங்கிய கோமளத்தை, மெத்தை என்று சொல்லிச் சமாளித்தது.

"ம், சுத்து!" என்றது.

பொன்னுரங்கம் சுற்றவில்லை. கைப்பிடியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. பிறகு தொட்டிலின் முன்னால் வந்து நின்று, இரண்டு கைகளையும் கூப்பியது.

"வாங்க ராஜா, வாங்கம்மா. வீட்டுக்கு வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். கோமளம், எழுந்திரு, யார் வந்திருக்காங்க பாரு!"

மெத்தை எழுந்து உட்கார்ந்தது. சிங்கக் குட்டிகள் வீல் என்று அலறின. கோமளம் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாங்க வாங்க என்றது.

கரடிக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவர்களைப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நின்றுதான் கவனிக்க வேண்டும். அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து தாங்களும் சாப்பிட வேண்டும். சாப்பிடாமல் அனுப்பினால் அந்த வீட்டுக்கே அவமானம். பொன்னுரங்கம் தொட்டிலுக்கு அடியில் வைத்திருந்த தேனடையை எடுத்தது. கோமளம் பலாப்பழத்தைப் பிளந்தது. மூத்த குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா, ராணியம்மாவின் தம்பிக்குப் பெண் கிடைத்துவிட்டதா என்று இரண்டும் மாறி மாறி விசாரித்தன. சிங்கம் பிறந்தது முதல் பலாப்பழம் சாப்பிட்டதில்லை. ஆனாலும் யாரும் அதை இதுவரை வீட்டுக்குக் கூப்பிட்டதும் இல்லை. அதன் மனசுக்குள் ஏதோ நெகிழ்ந்துவிட்டது. ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

வரிசை குளத்தைச் சுற்றிக்கொண்டு போனது. நரி காலில் வெந்நீர் கொட்டியதுபோலக் குதித்தது. சுற்று, சுற்று என்று கரடியின் காதில் கத்தியது.

"முதலாளி, வீட்டுக்கு வந்தவங்களை யாராவது சுத்தி விடுவாங்களா?" என்று பொன்னுரங்கம் பதமாகக் கேட்டது.

அது அப்பாவித்தனமா அழுத்தமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் பக்கத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் பிடித்துப்போனது. சீட்டுக் கொட்டகையிலிருந்து வேம்பு வெளியே வந்து, "சீட்டு எதுக்கு? உள்ளே வாங்க, என் பக்கத்துல நெருங்கி உட்காருங்க" என்று எல்லோரையும் உபசரித்தது. ஒருவரும் நெருங்கவில்லை. குளத்தில் முதலையும், மான்களை முதுகில் வைத்துக்கொண்டு, "நம்ம வீட்டுக்கும் வந்திருக்கீங்க, சாப்பாட்டு நேரம் வேற" என்றது. யாருடைய சாப்பாடு என்று அது சொல்லவில்லை. மான்கள் ஒரே தாவலாகத் தாவிக் கரையேறி, மூச்சு விடாமல் மலைப்பக்கம் ஓடின.

அதைப் பார்த்ததும் நரிக்குப் புத்தி கலங்கிவிட்டது. எது தனக்கு நல்லது, எது கெட்டது என்று யோசிக்காமல் ராஜாவின் முன்னாலேயே கத்தியது.

"டேய், இது வீடு இல்லடா! ராட்டினம்! வெறும் ராட்டினம்!"

பொன்னுரங்கம் கையிலிருந்த தேனடையைக் கீழே வைத்தது. அதன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"அப்ப எங்க வீடு எங்க முதலாளி?" என்றது.



"நானும் அதைத்தான் கேட்கலாம்னு இருந்தேன்" என்றது சிங்கம், மீசையில் ஒட்டிய தேனை நக்கியபடி. "அது இருக்கட்டும், உன் வீடு எங்க இருக்கு, மாசிலாமணி?"

நரியின் வீடு தாழம்புதருக்கு அப்பால் இருந்தது. குளிர்ந்த குகை. பொருட்காட்சிச் சத்தம் ஒரு துளிகூட அங்கே கேட்காது. நரிதான் தேடித்தேடி அப்படி ஓர் இடத்தைப் பிடித்தது. அதில் ஆறு கரடிகள் கால் நீட்டிப் படுக்கலாம். இதையெல்லாம் நரி சொல்லவில்லை. ஒவ்வொன்றாக வேம்பு எடுத்துச் சொன்னது.

பிறகு நடந்ததை நான் வளர்த்தப் போவதில்லை. மழை வரும்வரை வெளியூர் வேலைக்காரர்கள் குகையில் தங்குவதென்றும், பொழுது சாய்ந்தால் ராட்டினமும் நிற்கும், சறுக்கலும் நிற்கும் என்றும், வேலைக்காரர்கள் எல்லாரும் ஒன்றாக வேலை முடித்து ஒன்றாகப் போகலாம் என்றும் முடிவானது. நரி எங்கே தங்குவது? நான்காவது தொட்டில் காலியாகத்தானே இருந்தது! ஆந்தைகளுக்குத்தான் வருத்தம். அவற்றுக்காக ராத்திரியில் நரி தானே ராட்டினத்தைச் சுற்றிக் காட்டும் என்று ராஜா சொல்லிவிட்டது. பகலில் நரி தூங்கப் போனால் பொன்னுரங்கம் சுற்றிவிடும். மழை வந்து எல்லோரும் ஊருக்குப் போன பிறகும், நரியால் நேராக நடக்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கக் குளத்துக்குப் போனால், குளத்தை மூன்று முறை சுற்றிவிட்டுத்தான் குடிக்கும்.

அந்தப் பௌர்ணமியன்று பொழுது சாய்ந்ததும் பொன்னுரங்கமும் கோமளமும் குகை வாசலில் எதிரெதிரே உட்கார்ந்தன. தேனடையில் மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. கோமளம் அதை இரண்டாகப் பிய்த்தது. சாப்பிடாமல் புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன பார்க்கிற?" என்றது பொன்னுரங்கம்.

"கீழே போயிடாம அங்கேயே இருக்கீங்களே" என்றது கோமளம்.

வேலை செய்யும் இடத்தையே வீடு என்று கொடுத்து உழைப்பவரின் ஓய்வைப் பறிப்பவர், ஒருநாள் தன் வீட்டையும் ஓய்வையும் சேர்த்தே இழப்பார்.