தூத்துக்குடிக்குப் போன சிவப்புக் கம்பு

சாலையை அகலப்படுத்த வந்த கம்பெனிக்காரர்கள் எங்களைப் பார்த்ததுமே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். எங்களைப் பற்றி ஊரில் யாரிடமும் விசாரிக்கவில்லை, பாவம்.

பாதிச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு நேரத்துக்கு ஒரு பக்கத்து வண்டிகள்தான் போகலாம். வளைவுக்கு இந்தப் பக்கம் கொடியோடு நான், அந்தப் பக்கம் கொடியோடு பூவலிங்கம். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. குழிக்குள் யாரும் விழாமல் பார்த்துக்கொள்ள நடுவில் மாசிலாமணி. முதல் நாளே அவன்தான் விழுந்தான்.

இன்ஜினியர் ஒரு சிவப்புக் கம்பைக் கொடுத்தார். “கடைசியா விடுற வண்டிக்காரன்கிட்ட இதைக் குடுத்தனுப்பு. கம்பு வந்து சேர்ந்தாத்தான் அந்தப் பக்கம் திறக்கணும். கம்பு இல்லாம எங்கப்பாவே வந்தாலும் விடக் கூடாது.”

வெள்ளிக்கிழமை காலை கம்பை ஒரு லாரியில் கொடுத்தனுப்பினேன். பூவலிங்கம் கம்பைப் பார்த்தான், தன் பக்கத்தைத் திறந்தான். கம்பை வாங்கி வைக்கும்படி யாரும் அவனிடம் சொல்லவில்லையாம். அது லாரியோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டது. இரண்டு பக்கத்தையும் அடைத்துவிட்டோம்.

மாசிலாமணி ஓடி வந்து விஷயத்தைச் சொன்னான்.

“லாரி திரும்பி வரும்லா?” என்றேன்.

“கம்பு இல்லாம எப்படி உள்ள விடுவோம்?”

“கம்பு அதுலதானலே இருக்கு?”

“அப்ப வரலாம்.”

நிம்மதியாக உட்கார்ந்தோம். அப்போது தாம்பூலத் தட்டுகளோடு ஒரு கார் வந்து நின்றது. பெரியவர் ஒருவர் தலையை நீட்டினார்.

“தம்பி, மகனுக்கு நிச்சயதார்த்தம். பத்தரைக்கு ராகுகாலம் வந்துரும். விடுப்பா, நான் இன்ஜினியரோட அப்பா.”

“அதனாலதான்யா விட முடியாது. உங்களைக் குறிப்பாச் சொல்லியிருக்காரு.”

பின் சீட்டிலிருந்து பட்டு வேட்டியில் இன்ஜினியர் இறங்கினார்.

“எலே, கம்பு எங்க?”

“தூத்துக்குடில சார்.”

அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. விறுவிறுவென்று போய் வேலிமரத்தில் இரண்டு கம்பு ஒடித்து வந்தார்.

“ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கிடுங்க. கம்பு இருக்குல்லா? விடுங்க!”

மாசிலாமணி ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினான். அது போய்ச் சேரும்வரை நியாயமாகக் காத்திருந்தேன். இருவர் கையிலும் கம்பு. இருவரும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டோம்.

மாப்பிள்ளையைக் காணோமே என்று பெண்ணையும் ஏற்றிக்கொண்டு தேடி வந்த வேனும், இன்ஜினியரின் காரும் நடு வளைவில் மூக்கோடு மூக்காக நின்றன. பின்னால் லாரிகள் அடைத்துக்கொண்டதால் இரண்டும் நகர வழியில்லை. ராகுகாலத்துக்கு முன்னால் கார் பானட்டின் மேலேயே தட்டு மாற்றினார்கள். லாரிக்காரர்கள் விடாமல் ஹாரன் அடித்ததில் கெட்டிமேளத்துக்கும் குறைவில்லை.

இன்ஜினியர் எங்களைக் கூப்பிட்டார். “இனிமே உங்க மூஞ்சில நான் முழிக்கவே கூடாது!”

மறுநாள் காலை, நெற்றியிலிருந்து தாடைவரை துண்டைச் சுற்றி இறுக்கிக்கொண்டு மூவரும் வேலைக்கு வந்துவிட்டோம். எதிரே என்ன வருகிறது என்று தெரியவில்லை. சத்தத்தை வைத்துத்தான் கொடியை ஆட்டினோம்.

யாரோ என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

“யாரது?” என்றேன்.

“இன்ஜினியர்டா!”

“கம்பு இருக்கா?” என்றேன்.