நகர்ந்தது எந்த மலை

"கூட்டத்துக்கு நான் வரலம்மா" என்றார் இசக்கிமுத்து.

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தார்.

"குழிப்பாறை மலை நகருது. அளந்து பார்த்தாச்சு. மழைக்கு முன்னால அந்தச் சனங்களை அப்புறப்படுத்தணும். அதை விட்டுட்டு, ஆராய்ச்சிக் கழகத்துல போய் நின்னு ஆளாளுக்கு நொட்டை சொல்றதைக் கேக்கணுமாக்கும்."

இசக்கிமுத்து எஸ்தரின் சீடர். சீடர் என்றதும் சின்ன வயசுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். இசக்கிமுத்துவுக்குத் தலை முழுக்க நரை. நில அளவை வேலையை விட்டுவிட்டு, மலைச்சரிவைப் படிக்கவென்று எஸ்தரிடம் வந்து சேர்ந்தவர். குரு அவரைவிட இளையவர். கோபம் மட்டும் சீடருக்குத்தான் அதிகம்.

"தாசில்தார்கிட்ட பேசிட்டீங்களா, அண்ணாச்சி?"

"பேசியாச்சு. எல்லாரையும் எதிர்மலைப் பள்ளிக்கூடத்துல தங்க வைக்கப் போறாங்க. திங்கட்கிழமை வண்டி வருது."

"கூட்டம் ஞாயித்துக்கிழமைதான."

"என் கணக்கை நீங்கதான் வரிவரியாப் பார்த்தீங்க. சரின்னு சொன்னீங்க. அப்புறம் அவங்க எதுக்கு?"

எஸ்தர் போனை எடுத்தார். கழகத்துச் செயலாளருக்குப் போன் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை இசக்கிமுத்து அண்ணாச்சி பேசுறாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

*

மண்ணும் விண்ணும் கழகம் என்று பேர் மட்டும் பெரிசு. ஒரு கல்லூரியின் பின்கட்டில் பழைய ஹால், சத்தம் போடும் மின்விசிறி, கொஞ்சம் நாற்காலிகள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மண்ணைப் பற்றி ஒருவர் பேசினால், முதல் கேள்வி விண்ணைப் படித்தவருடையது. விண்காரர் பேசினால், மண்காரர் கேட்பார்.

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே இசக்கிமுத்து மேடை ஏறினார்.

நன்றாகத்தான் பேசினார். குழிப்பாறை வீடுகள் மாசாமாசம் பள்ளத்தை நோக்கி நகர்ந்து வந்ததைப் படம் போட்டுக் காட்டினார்.

ஜமீலா எழுந்தார். செயற்கைக்கோள் படங்களை ஆராய்கிறவர்.

"எனக்கு மண்ணைப் பத்தி அவ்வளவாத் தெரியாது சார். எல்லா வீடும் ஒரே அளவா நகர்ந்திருக்கா?"

"ஆமா."

"உச்சியில இருக்கிற பாறை?"

"அதுவும் அதே அளவுதான்." குரலில் எரிச்சல்.

"இவ்வளவு நகர்ந்தும் ஒரு சுவர்லகூட விரிசல் விழலையா?"

இசக்கிமுத்து தன் குறிப்பேட்டைப் புரட்டினார். விரிசல் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

"எங்க நின்னு அளந்தீங்க சார்?"

"எதிர்மலையில. பள்ளிக்கூடத்து முற்றத்துல கல் நட்டு, நானும் எஸ்தரம்மாவும் அதுமேல கருவியை வெச்சு அளந்தோம்."

ஜமீலா தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். வானத்திலிருந்து எடுத்த படம். குழிப்பாறை மலை முழுக்க நீலம். பள்ளிக்கூடத்துச் சரிவு மட்டும் சிவப்பு.

"சிவப்புன்னா என்ன?"

"நகர்ற இடம் சார். ஏன் நகருதுன்னு எனக்குப் பிடிபடவே இல்லை. அந்த இடத்தைப் பத்தித் தெரிஞ்சவங்க யாராவது வர மாட்டாங்களான்னு காத்துக்கிட்டிருந்தேன்."

குழிப்பாறை நகரவில்லை; இசக்கிமுத்து நட்ட கல்தான் நகர்ந்திருந்தது. அத்தனை குடும்பங்களையும் அந்த முற்றத்துக்குத்தான் ஏற்றி அனுப்ப இருந்தார்.

மேடையில் நின்றபடியே தாசில்தாரைக் கூப்பிட்டார்.

"சார், நாளைக்கு வண்டி வரட்டும். ஆனா குழிப்பாறைச் சனங்க அங்கேயே இருக்கட்டும். பள்ளிக்கூடத்தைத்தான் காலி பண்ணணும். பிள்ளைகளைக் குழிப்பாறைக்குக் கூட்டிட்டுப் போயிருங்க, அங்கே பாடம் நடத்திக்கலாம்."

எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள்.

"ஆமா சார். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்த ஒரு மண்காரர், "நாளைக்கு நானும் வாறேன், அந்தச் சரிவுல துளை போட்டு உள்ளே தண்ணி நிக்குதான்னு பார்த்துருவோம்" என்றார். ஜமீலா படத்தைப் பெரிதாக்கி அவர் பக்கம் நகர்த்தினார். இசக்கிமுத்து தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்தார்.

கூட்டம் கலைய வெகுநேரம் ஆனது.

வெளியே வந்ததும் அவர் எஸ்தரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இவ்வளவு பெரிய தப்பு. உங்க கண்ணுலயுமா படலை?"

"எப்படிப் படும் அண்ணாச்சி?" என்றார் எஸ்தர். "நானும் உங்க பக்கத்துலதான நின்னேன்."