நூறு குழம்பும் ஒரு பிடரியும்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தணிகாசலம் அண்ணாச்சி ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்திவந்தார். கூடவே அவர் மச்சினன் பூவலிங்கமும், பக்கத்து வீட்டு நல்லக்கண்ணுவும். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அன்றைக்கு அது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் எப்போதும் குழப்பம்.

ஒரு வியாழக்கிழமை காலை சமையல் கான்ட்ராக்டர் இசக்கியம்மாள் வந்தார். 'நூறு குழம்பு' என்று கம்ப்யூட்டரிலேயே புத்தகம் எழுதி, பக்கத்துக்கு ஒரு குழம்பாகப் பார்த்துப் பார்த்து அமைத்திருந்தார். அதை பிடிஎஃப் ஆக்கி நாலு மணிக்குள் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்.

"ஒரு வரிகூட நகரக் கூடாது அண்ணாச்சி. நகந்துச்சுன்னா உங்க மக கல்யாணத்துக்கு நீங்களே அடுப்பு மூட்டிக்கிடுங்க."

கல்யாணம் அடுத்த வாரம். இசக்கியம்மாள் சமையல் என்று சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை வீட்டார் நிச்சயதார்த்தத் தட்டையே மாற்றினார்கள்.

தணிகாசலம் புத்தகத்தைத் திறந்து, கண்ணுக்குத் தெரியட்டும் என்று எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினார். நூறு பக்கம் நூற்று நாற்பதாயிற்று. வத்தக்குழம்பின் புளி மோர்க்குழம்புக்குள் போய் விழுந்தது. பதறிப்போய்ப் பழைய அளவுக்கே கொண்டுவந்தார்.

"காத்துல நகந்திருக்கும்" என்று நல்லக்கண்ணு ஃபேனை நிறுத்தினான்.

"எதை அமுக்கினாலும் வரி ஓடுது அத்தான். அமுக்காம இருக்கிறதுதான் வழி. இருக்கிறது இருக்கிறபடியே போட்டோ எடுத்துருவோம்" என்றான் பூவலிங்கம்.

"அடுத்த பக்கத்துக்குப் போக அமுக்கணுமேடா? அப்ப வரி நகராதா?"

பூவலிங்கம் கண்ணை மூடி யோசித்தான். "பஸ்தான் போகுது, உள்ள உக்காந்திருக்கவன் நடக்கானா?"

அந்த நியாயம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. தணிகாசலம் திரைக்கு எதிரே உட்கார்ந்து போனில் நூறு படம் எடுத்தார். ரேஷன் கார்டுகளை அப்படித்தான் செய்து பழக்கம் என்பதால், நல்லக்கண்ணு எல்லாவற்றையும் சேர்த்து பிடிஎஃப் ஆக்கிவிட்டான்.

இரண்டு மணிக்கு இசக்கியம்மாள் வந்து பார்த்தார். ஒரு வரி நகரவில்லை. ஆனால் பளபளத்த திரையில் விழுந்த தணிகாசலத்தின் முகம் நூறு பக்கத்திலும் இருந்தது. கத்திரிக்காய்க் குழம்பில் கொட்டாவி விட்டார், கருவாட்டுக் குழம்பில் மூக்கைச் சொறிந்தார்.

"வரி சரியா இருக்கு. எல்லாக் குழம்புலயும் நீங்க ஏன் மிதக்கீங்க? இந்த மூஞ்சி தெரியக் கூடாது. எனக்கு ஒரு வளைகாப்புச் சமையல் இருக்கு. சரிபண்ணி நீங்களே அச்சகத்துக்கு அனுப்பிருங்க."

அவர் போனதும் மூன்று பேரும் கவலையோடு கூடிப் பேசினார்கள்.

"மூஞ்சி தெரியக் கூடாதுன்னா அதை எங்கடா கொண்டுபோய் வைக்க?"

"தலையில மூஞ்சி இல்லாத பக்கம் ஒண்ணு இருக்குல்லா அத்தான்?"

தணிகாசலம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். போனைத் தோளுக்கு மேலே பின்பக்கமாகப் பிடித்து மறுபடியும் நூறு படம் எடுத்தார். கழுத்து பிடித்துக்கொண்டது, ஆனால் மகளை நினைத்து எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டார்.

நல்லக்கண்ணு ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்தான். மூஞ்சி எங்கேயும் இல்லை. டியூப்லைட் வெளிச்சம் பட்டு அண்ணாச்சியின் வழுக்கைப் பிடரி மட்டும் பக்கத்துக்கு ஒன்றாக நிலா மாதிரி மின்னியது. மூன்றே முக்காலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

புத்தகம் அச்சாகி வந்தது. இசக்கியம்மாள் நூறு பக்கத்தையும் புரட்டினார். அவர் அமைத்தது அமைத்தபடியே இருந்தது. எல்லாக் குழம்புக்கும் மூன்றாவது வரியில் உப்பு. நூறு பக்கத்திலும் பிடரி மின்னியது அதே மூன்றாவது வரியை மறைத்துக்கொண்டு. வரியும் நகரவில்லை, மூஞ்சியும் தெரியவில்லை. சொன்ன சொல்லை மீறுகிறவர் இல்லை அவர். கல்யாணத்தன்று சமைக்க வந்து, புத்தகத்தைத் தன் ஆட்களிடம் கொடுத்து, "இதுல கண்ணுக்குத் தெரியறதை மட்டும் போடுங்க" என்று சொல்லிவிட்டார்.

பந்தியில் முதல் கவளத்தோடு சம்பந்தியின் வாய் அப்படியே நின்றது. தணிகாசலம் சமையல் கட்டுக்கு ஓடினார். பின்னாலேயே மற்ற இரண்டு பேரும் ஓடினார்கள்.

"யக்கா, என் மானம் போகுது. குழம்புல உப்பு எங்க?"

இசக்கியம்மாள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்க பிடரிக்குப் பின்னால இருக்கு அண்ணாச்சி."

தணிகாசலம் சட்டென்று குனிந்தார். நல்லக்கண்ணு கரண்டியோடு பின்னால் போய் நின்றான். பூவலிங்கம், ஒரு கல் உப்புகூடக் கீழே சிந்திவிடக் கூடாதென்று, இலையை விரித்துப் பிடித்தான்.