தீப்பெட்டிக் கம்ப்யூட்டரும் என் முறையும்

சங்கரன்கோவிலில் வெயிலுமுத்துவின் சலூனில் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஒரு சட்டம் உண்டு. காத்திருக்கிற நேரத்தில் யார் என்ன கதை வேண்டுமானாலும் விடலாம். கேட்கிறவர் வாயிலிருந்து 'புளுகு' என்று வந்துவிட்டால், தன் முறையைக் கதை சொன்னவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். சொன்னவரே சொன்னதை மாற்றினால் அவர் கடைசிக்குப் போக வேண்டும். ஒன்பது வருடமாக அங்கே போகிறேன். ஒரு தடவைகூட என் முறையை இழந்ததில்லை. நான் வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குப் பெஞ்சில் நான்கு பேர். முதலில் நான், அடுத்து வெல்டிங் பட்டறை மரியசூசை, பிறகு லாரி ஓட்டும் தளவாய், கடைசியில் பால்வண்ணம். பால்வண்ணத்துக்கு ஐந்து நாள் தாடி. பத்து மணிக்கு அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். கடிகாரத்தில் ஒன்பது பத்து. நாற்காலியில் ஒருவர் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். பால்வண்ணத்தின் முகத்தில் சோப்பு படும்போது மணி பத்து பத்து ஆகிவிடும். கேட்டால் யாரும் விட்டுக்கொடுப்பார்கள். ஆனால் அவர் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை.

"எங்க வீட்டுல பிட்காயின் எடுக்குற மிஷின் போட்டிருக்கேன், தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

"அதுக்கு குடோன் நிறைய மிஷின் வேணும்னு சொல்றாங்களே அண்ணாச்சி?" என்றார் தளவாய்.

"குடோன் எதுக்குவே? நம்மளது தீப்பெட்டி அளவு கம்ப்யூட்டர். ஒரே ஒரு அட்டை. மெமரி கார்டுல புரோகிராமை ஏத்தினேன், பழைய செல் சார்ஜரைச் சொருகினேன், நல்ல நேரம் பார்த்துப் பொட்டு வச்சு சுவிட்சைப் போட்டேன். கணக்கைப் போட்டு முடிச்சாத்தான் காசு விழும். உலகமே போட்டி போடுது. நம்ம அட்டை, நான் சுவிட்சிலருந்து விரலை எடுக்குறதுக்குள்ள முந்தின நாள் கணக்கையும் சேர்த்து முடிச்சிருச்சு."

"முந்தின நாளா? புளுகு!" என்று தொடையைத் தட்டினார் தளவாய்.

வெயிலுமுத்து கத்தியைத் தூக்கிக் காட்டினார். இருவரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

"சூடு ஏறாதா?" என்றார் மரியசூசை. சூட்டைப் பற்றித் தெரிந்தவர்.

"ஏறாமயா! முதல் நாள் அது மேல கொப்பரையை வச்சு முந்நூத்தி நாப்பது இட்லி அவிச்சோம். ரெண்டாம் நாள் தெருவுல ஒருத்தரும் அடுப்பு பத்த வைக்கல. மூணாம் நாள் அக்கம்பக்கத்துக் கோழியெல்லாம் முட்டையை எங்க ஜன்னல்ல வச்சுட்டு மேயப் போயிருச்சு. சாயங்காலம் வந்து குஞ்சைக் கூட்டிட்டுப் போகும்."

மரியசூசை பல்லைக் கடித்துக்கொண்டார். "காசு வந்துச்சா?"

"வந்த வேகத்துல வயர் ஆட்டை முழுங்கின மலைப்பாம்பு மாதிரி புடைச்சுப்போச்சு. நானும் சம்சாரமும் ஆளுக்கொரு பக்கம் உருவி விட்டோம். மூணு படி விழுந்துச்சு."

"பிட்காயினைக் கையால தொடவே முடியாதுய்யா! புளுகு, புளுகு!"

மரியசூசை இரண்டு தடவை சொன்னார். ஒன்றாகத்தான் சேரும்.

மணி ஒன்பது இருபத்திரண்டு. இப்போது பால்வண்ணத்துக்கு முன்னால் நான் ஒருவன்தான். எனக்கு அடுத்து உட்கார்ந்தால் ஒன்பது ஐம்பத்தைந்துக்குத்தான் எழுந்திருப்பார்; வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்ற நேரம் போதாது. பெஞ்சில் நன்றாக என் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பெரியவரே, சூட்டைத் தணிக்க ஒரு குட்டி ஃபேன் மாட்டினேன். சட்டைப் பித்தான் அகலம். அது சுத்தின சுத்துல வீடு அஸ்திவாரத்தோட எழும்பிருச்சு. பதினொரு வீட்டைத் தாண்டி, பால் சொசைட்டி பக்கத்துல காலி மனையில போய் உட்கார்ந்துச்சு. அடுப்புல இருந்த சாம்பார் ஒரு சொட்டு சிந்தல. போஸ்ட்மேன் அங்கதான் வந்து லெட்டர் கொடுத்தார்."

நாற்காலியில் இருந்தவர் எழுந்தார். நான் போய் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகப் பேசினேன்.

"நம்புறேன் அண்ணாச்சி. ஒரு யோசனைதான். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பழைய விலாசந்தானே தெரியும்? அங்க வெறும் மனைதானே இருக்கும். பதினொரு வீட்டுலயும் விசாரிச்சு வரணும். வீட்டுக்கு ரெண்டு நிமிஷம்னா இருபத்திரண்டு நிமிஷம். நீங்க எனக்கு அடுத்து நிதானமாவே உட்காரலாம்."

சலூன் அதிர்ந்தது. தளவாய் பெஞ்சிலிருந்து நழுவிக் கீழே உட்கார்ந்தேவிட்டார்.

"யோவ், வீடு அங்கேயேதான்..." என்று பதறிய பால்வண்ணம் பாதியில் நிறுத்தினார்.

"என்ன அண்ணாச்சி, மாத்துறீங்களா?" என்றார் வெயிலுமுத்து.

பால்வண்ணம் கடிகாரத்தைப் பார்த்தார். தாடியைத் தடவினார்.

"எதுக்கு மாத்தணும்? வீடு பழைய இடத்துலதான் இருக்கு. நேத்து சாயங்காலம் ஃபேனைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். வந்த வழியே பின்னால போய் உட்கார்ந்துச்சு. ஒரு விரக்கடை மட்டும் தெக்கால தள்ளிப்போச்சு. உங்ககிட்ட எதையும் மறைக்கக் கூடாது பாருங்க."

"ஒரு விரக்கடையா! சுத்தப் புளுகு!" என்றது ஒரு குரல்.

யாரென்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரியாக ஒன்பது இருபத்தைந்துக்குப் பால்வண்ணத்தின் முகத்தில் சோப்பு ஏறியது.