கம்பியில் காய்ந்த சேலை

சிரிப்பு வரும், வராமல் போகாது. கொஞ்சம் பொறுங்கள், முதலில் வயிறு எரியட்டும்.

ஓடைப்பட்டிக்குக் கம்பி வந்து இரண்டு வருஷம். கரண்ட் மட்டும் வரவில்லை. இருட்டில் பாம்பு கடித்து வெள்ளத்தாயியின் புருஷன் செத்தான். இன்றைக்கு கரண்ட் ஆபீஸ் இன்ஜினியர் சந்தானம், ஊரைப் பார்க்க வந்த கலெக்டரம்மாவிடம், "வீட்டுக்கு வீடு கரண்ட் ஓடுதுங்கம்மா. பகல்ங்கிறதால யாரும் லைட்டு போடல" என்று குழைந்தார். அந்தம்மா நம்பிவிட்டால் ஊருக்குக் காலமெல்லாம் இருட்டுதான்.

தாழத் தொங்கும் அந்தக் கரண்ட் கம்பியில்தான் ஊரே துணி காயப்போடும். வெள்ளத்தாயி வேண்டுமென்றே ஈரச் சேலையை அதில் விரித்துவிட்டு வந்தாள். போட்டோவுக்கு நின்ற சந்தானம் கடுகடுத்தார்.

"ஏம்மா, கரண்ட் கம்பி உனக்குக் கொடியா? எடு அதை."

"ஓடுதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க. நான் தொடமாட்டேன். எனக்கும் ஒண்ணு ஆச்சுன்னா எம்பொண்ணுக்கு யாரு?"

"தொடைநடுங்கி" என்று சந்தானமே வெறுங்கையால் சேலையை வெடுக்கென்று இழுத்தார்.

தண்ணீர் அவர் முழங்கை வழியாகச் சொட்டியது. கலெக்டர் அந்தக் கையையே பார்த்தார். அப்புறம்தான் சந்தானமும் பார்த்தார்.