குண்டு இருக்கும் இடம்

"இனி நான் வர மாட்டேன் டீச்சர்" என்றார் சென்னியப்பன்.

எஸ்தர் ஒரு ஏர் ரைபிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குன்னூரில் பழைய கிளப் ஒன்றின் நடன அறையில் துப்பாக்கி சுடக் கற்றுத்தருபவள். அவரைவிட இருபது வயது இளையவள்.

"ஏனுங்ணா?"

"இதெல்லாம் இளவயசுல கத்துக்கணும்."

"அது மட்டும்தானா காரணம்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை. மேகம் இறங்கி, எதிர் மரம்கூடத் தெரியவில்லை.

"மரகதம் கேட்டுட்டா."

மரகதம் அவரோடு தேயிலை ஆபீசில் வேலை பார்ப்பவள்.

"என்ன கேட்டாங்க?"

"என்னைக் கட்டிக்கிறீங்களான்னு."

எஸ்தர் துணியைக் கீழே வைத்தாள். "அடேங்கப்பா! கடைசியில அவங்கதான் கேக்க வேண்டியதாப் போச்சா?"

"சிரிக்காதீங்க."

"சிரிக்கல. நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிக்கிறேன்னேன். வேலையை விட்டுட்டு இன்னைக்கு அஞ்சு மணி பஸ்ஸுல அண்ணன் வீட்டுக்கே போறா, கீழ கோபி டவுனுக்கு. அதுக்குள்ள சொல்லணும்."

"மூணரை ஆச்சு."

"தெரியும். முடியாதுன்னு சொல்லத்தான் போறேன்."

"பிடிக்கலையா?"

"பிடிக்கும்." அவர் குடையின் கைப்பிடியைத் திருகினார். "படுத்துட்ட அம்மாவைக் கடைசி வரைக்கும் நான்தான் பாத்தேன். குளிப்பாட்டினேன், ஊட்டிவிட்டேன். என் வயசெல்லாம் அதுலயே போயிருச்சு."

அதை வருத்தமாகச் சொல்வதா, பெருமையாகச் சொல்வதா என்று அவருக்கே தெரியவில்லை.

"அம்பத்து மூணு வயசு டீச்சர். போனது போக மிச்சம் என்ன இருக்கு, அவளுக்குக் குடுக்க?"

எஸ்தர் எழுந்து போனாள். சுவரில் மாட்டியிருந்த நீளத் துப்பாக்கியை இறக்கினாள். அந்தக் காலத்துத் தோட்டத் துரைகள் மழை நாளில் அறைக்குள்ளேயே குறிபார்த்துச் சுட வரவழைத்தது. அதை அவள் யாரையும் தொடவிட்டதில்லை.

அவர் உள்ளங்கையில் ஒரு ஈயக் குண்டை வைத்தாள். மிளகளவுதான், அடியில் துளி வெடிமருந்து.

"போடுங்க."

அவர் விசைக்கு மேலே தேடினார். விசைக்குப் பின்னால் தேடினார். கவிழ்த்துப் பார்த்தார்.

"பூட்டியிருக்கா?"

"இல்ல."

"அப்ப இது ஷோவுக்கு வெச்சது. குண்டு போட வழியே இல்ல."

"முன்னால போங்க."

விரல் குழல்மேல் நகர்ந்தது.

"இன்னும்."

"குழல் வாயே வந்திரும் போல இருக்கே."

"இன்னும் கொஞ்சம்."

குழலின் வாய் வர ஒரு சாண் இருக்கும்போது நகத்தில் ஒரு சின்ன மூடி தட்டுப்பட்டது. திறந்தார். உள்ளே மிளகு உட்காரும் அளவுக்கு ஒரு குழி.

"இங்கயா?"

"இங்கதான்."

அவர் அங்கிருந்து விசை வரைக்கும் கையால் தடவினார். "அப்ப இவ்வளவு தூரமும் உள்ள என்ன?"

"ஒரு கம்பி. விசையை அழுத்தினா அது போய்த் தட்டும்."

"குண்டு?"

"அது ஓடறது அந்தக் கடைசிச் சாண்தான்."

"அட! மிச்சமெல்லாம் வீணா?"

எஸ்தர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கைத்துப்பாக்கியை எடுத்தாள். அதே காலத்தது. குழல் ஒரு சாண்.

"இதுல வீண் எதுவும் இல்ல. அதே குண்டு. சுடுங்க."

அறையின் அந்தக் கோடியில் ஒரு இரும்புத் தகடு. நடுவில் ஒரு துளை. துளைக்குள் குண்டு போனால் மேலே ஒரு தகரச் சேவல் எழுந்து நிற்கும்.

அவள் குண்டு போட்டுக் கொடுத்தாள். சுட்டார். சேவல் எழவில்லை.

மறுபடி போட்டுக் கொடுத்தாள். குண்டு பலகைச் சுவரில் பட்டது.

"சேவலுக்கு உங்ககிட்ட பயமே இல்லைங்ணா."

"கை ஆடுதா இல்லையான்னே தெரியல டீச்சர்."

"இப்ப அதை எடுங்க."

அவர் நீளத் துப்பாக்கியை எடுத்தார். குழலின் முன்கோடியில் தானே குண்டை வைத்து மூடினார். துப்பாக்கியின் கட்டையில் கன்னத்தைச் சாய்த்தார்.

குறிபார்க்கும் இரண்டு முள்ளில் பின்முள் கண்ணருகே இருந்தது. முன்முள் எங்கோ தூரத்தில், குழலின் கோடியில் நின்றது. இடையில் அந்த வெற்று நீளம். கை இம்மி அசைந்தாலும் முன்முள் விலகியது. விலகியது தெரிந்தது. தெரிந்ததால் திருத்த முடிந்தது.

அவர் அவசரப்படவில்லை.

டிக் என்று ஒரு சத்தம். விரல் சொடுக்கியது போல.

சேவல் எழுந்து நின்றது.

அவர் கட்டையிலிருந்து கன்னத்தை எடுக்கவில்லை. வலது கை மட்டும், குண்டு இல்லாத அந்த நீளத்தை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.

பிறகு துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்தார். குடையை எடுத்தார். கதவு வரை போய்த் திரும்பினார்.

"டீச்சர், அவளுக்கு இடக்கைப் பழக்கம். அவ இதுல சுட முடியுமா?"

"முதல்ல பஸ்ஸைப் பிடிங்கண்ணா" என்றாள் எஸ்தர்.